லேப்டாப் வாங்கப் போறீங்களா? ரேம் விலை உயர்வால் மாறிய கணக்கு... கேமிங், சினிமா, வேலை மூன்றுக்கும் எதைப் பார்க்க வேண்டும்?

"இப்போதைக்கு 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பை வாங்கிக்கோங்க, ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு 8 ஜிபி போட்டுக்கலாம்." லேப்டாப் வாங்கப் போகும் குடும்பங்களுக்குப் பல ஆண்டுகளாகக் கடைகளில் சொல்லப்பட்ட ஆலோசனை இது. அப்போது அது சரியான ஆலோசனைதான். ரேம் விலை வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் அரை மணி நேரத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

2025-ன் இரண்டாம் பாதியில் இந்தக் கணக்கு தலைகீழானது. தனியாக விற்கப்படும் டிடிஆர்5 ரேமின் விலை அந்த ஆண்டு முடிவதற்குள் உலகச் சந்தையில் இரண்டு மடங்கைத் தாண்டியது. எஸ்எஸ்டி விலையும் பின்னாலேயே ஏறத் தொடங்கியது.

கேம் ஆட, படம் பார்க்க, ஆபீஸ் வேலை செய்ய என மூன்றுக்கும் சேர்த்து ஒரே லேப்டாப் வாங்கத்தான் பெரும்பாலான வீடுகள் நினைக்கின்றன. ஒரு முறை வாங்கினால் நான்கு, ஐந்து வருஷம் ஓட்ட வேண்டும். அப்படியென்றால் இப்போது பணத்தை எதில் போட வேண்டும்? எதில் மிச்சம் பிடிக்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

ரேம் விலை ஏன் இப்படி ஏறியது?

உலகின் பெரும்பகுதி ரேம் சிப்களைத் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள். தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். ஏஐ சர்வர்களுக்குத் தேவைப்படும் ஹெச்பிஎம் என்ற அதிவேக மெமரியைத் தயாரிப்பவையும் இதே மூன்று நிறுவனங்கள்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு ஜிபி ஹெச்பிஎம் தயாரிக்கத் தேவைப்படும் சிலிக்கான் தட்டில், ஏறக்குறைய 3 ஜிபி சாதாரண டிடிஆர்5 ரேம் தயாரித்திருக்கலாம். ஏஐ நிறுவனங்கள் அதிக விலை கொடுத்து வாங்கத் தயாராக இருப்பதால் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. லேப்டாப்புக்கும் போனுக்கும் மிஞ்சும் ரேம் குறைந்துவிட்டது.

இதன் உச்சமாக, சாதாரண மக்களுக்கு ரேம், எஸ்எஸ்டி விற்று வந்த தனது 'க்ரூஷியல்' பிராண்டில் இருந்து வெளியேறுவதாக மைக்ரான் 2025 டிசம்பர் 3-ம் தேதி அறிவித்தது. கம்ப்யூட்டரைத் தாங்களே அசெம்பிள் செய்பவர்களிடம் மிகவும் பரிச்சயமான பெயர் அது.

'குஜராத்தின் சனந்தில்தான் மைக்ரான் ஆலை வருதே, விலை குறையாதா?' என்ற கேள்வி எழலாம். அங்கே நடப்பது வெளிநாட்டில் உருவாகி வரும் சிப்களைச் சோதித்து பேக் செய்யும் வேலை. சிப்பையே உருவாக்கும் ஆலை அல்ல. அப்படிப்பட்ட புதிய ஆலையைக் கட்டி உற்பத்தியைத் தொடங்க ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே அடுத்த ஆஃபர் சீசனில் எல்லாம் பழைய விலைக்கு வந்துவிடும் என்று காத்திருப்பதில் பெரிய அர்த்தமில்லை.

பிறகு மாற்ற முடிந்தது எது? முடியாதது எது?

லேப்டாப் வாங்கும் முன் போட வேண்டிய முதல் கணக்கு இதுதான்.

*எப்போதும் மாற்ற முடியாதவை:* பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு. இரண்டும் மதர்போர்டோடு சேர்த்து சால்டர் செய்யப்பட்டவை. 'கார்டு' என்று சொன்னாலும் டெஸ்க்டாப் போலக் கழற்றி மாட்ட முடியாது.

*மாற்றலாம், ஆனால் கட்டுப்படியாகாதவை:* திரை, கீபோர்டு.

*மாடலைப் பொறுத்தவை:* ரேம். கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் இருக்கும். மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசையிலும் ஆப்பிள் மேக்புக்கிலும் பிராசஸர் இருக்கும் அதே பேக்கேஜுக்குள் ரேமும் இருக்கிறது. வாங்கும் நாளில் எவ்வளவோ, கடைசி நாள் வரைக்கும் அவ்வளவுதான்.

*எளிதில் மாற்றக்கூடியவை:* எஸ்எஸ்டி, பேட்டரி. மேக்புக் மட்டும் விதிவிலக்கு, அதில் எஸ்எஸ்டியை எளிதில் மாற்ற வழியில்லை. வெளியே வைக்கும் ஸ்பீக்கர், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆக, மாற்ற முடியாததில் பணத்தைப் போட வேண்டும். மாற்ற முடிந்ததில் மிச்சம் பிடிக்க வேண்டும். முன்பு ரேம் இந்த இரண்டாவது பட்டியலில் இருந்தது. இப்போது முதல் பட்டியலுக்கு வந்துவிட்டது. இன்றைக்கு வாங்குபவருக்கு 16 ஜிபி என்பது குறைந்தபட்சம்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் என்றால், ஒரே 16 ஜிபி ஸ்டிக்கும் ஒரு காலி ஸ்லாட்டும் இருப்பது நல்லது. விலை இறங்கும் நாளில் இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம். தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் ரேமையே கிராபிக்ஸும் பயன்படுத்துவதால், இரண்டு 8 ஜிபி ஸ்டிக் இருந்தால்தான் வேகம் கிடைக்கும்.

கேமிங்: கார்டின் பெயரைப் பார்த்தால் மட்டும் போதுமா?

போதாது. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான்.

'ஆர்டிஎக்ஸ் 4060' என்று பெட்டியில் எழுதியிருக்கும். ஆனால் அந்த ஒரே பெயரில் 35 வாட்டில் ஓடும் லேப்டாப்பும் உண்டு, 115 வாட்டில் ஓடும் லேப்டாப்பும் உண்டு. கார்டுக்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் கம்பெனி தீர்மானிக்கிறது. உடம்பு மெலிதாக இருந்தால் சூட்டை வெளியேற்ற முடியாது, அதனால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். ஒரே இன்ஜினை ஒரு வண்டியில் முழு ஆக்ஸிலரேட்டரிலும் இன்னொரு வண்டியில் பாதி ஆக்ஸிலரேட்டரிலும் ஓட்டுவது போலத்தான்.

குறைந்த வாட்டில் ஓடும் 4060-ஐ விட முழு வாட்டில் ஓடும் 4050 முன்னே போகும் நிலையும் வரலாம். ஆர்டிஎக்ஸ் 5050-க்கு 35 முதல் 100 வாட், 5060-க்கு 45 முதல் 100 வாட் என்று என்விடியா எல்லை வைத்திருக்கிறது. எனவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "இதுல டிஜிபி எத்தனை வாட்?" டிஜிபி என்பது கிராபிக்ஸ் கார்டுக்குக் கிடைக்கும் மொத்த மின்சார அளவு. விற்பனையாளருக்குத் தெரியவில்லை என்றால் கம்பெனி இணையதளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பக்கத்தில் தேட வேண்டும். அங்கேயும் போடவில்லை என்றால் அந்த மாடலை சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது விராம், அதாவது கிராபிக்ஸ் கார்டுக்கே சொந்தமான மெமரி. இதையும் பிறகு கூட்ட முடியாது. பல லேப்டாப்களில் வரும் ஆர்டிஎக்ஸ் 3050-ல் 4 ஜிபி அல்லது 6 ஜிபி, 4050-ல் 6 ஜிபி, 4060, 5050, 5060 ஆகியவற்றில் 8 ஜிபி. 2024-ல் வந்த 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' கேமுக்குச் சொல்லப்பட்ட குறைந்தபட்ச கார்டே 8 ஜிபி விராம் கொண்டது. இனி வரும் பெரிய கேம்கள் போகும் திசை இதுதான்.

ஆனால் எல்லோரும் அப்படிப்பட்ட கேம்தான் ஆடுகிறார்களா? வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, மைன்கிராஃப்ட் போன்றவற்றுக்கு மேலே சொன்னவற்றில் சிறிய கார்டே தாராளம். வீட்டில் ஆடப்போவது எந்த கேம் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வாலரண்ட் ஆடும் பையனுக்கு 5060 கார்டு வாங்குவது, பக்கத்துத் தெருவுக்குப் போக ஸ்லீப்பர் பஸ் புக் செய்வது மாதிரி.

'ஜிடிஏ 6 வரப்போகுது, அதுக்குத்தான் வாங்குறோம்' என்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். 2025 நவம்பரில் ராக்ஸ்டார் அறிவித்த 2026 நவம்பர் 19 என்ற தேதி பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு மட்டுமே. கம்ப்யூட்டருக்கு என எந்தத் தேதியும் அதில் சொல்லப்படவில்லை.

சினிமா: ஸ்டிக்கர் வேண்டாம், திரையைப் பாருங்க

கேமிங் லேப்டாப் என்றாலே படமும் சூப்பராகத் தெரியும் என்பது பொதுவான நம்பிக்கை. நிஜம் வேறு. விலையைக் குறைக்க கம்பெனிகள் முதலில் கை வைப்பது திரையில்தான்.

'45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று விவரப் பக்கத்தில் இருந்தால் அது மங்கிய நிறம் காட்டும் திரை. இணையத்தில் பார்க்கும் வீடியோக்களுக்கான பொதுவான நிற அளவான எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதில் வராது. சிவப்புப் பட்டுப்புடவை செங்கல் நிறமாகத் தெரியும். '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாம். வெளிச்சம் 250 நிட்ஸ் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்க முடியாது. 300-க்கு மேல் இருப்பது நல்லது.

ரெஃப்ரெஷ் ரேட் கேமுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சினிமா ஒரு வினாடிக்கு 24 பிரேம்களில் எடுக்கப்படுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் 24 சரியாக வகுபடாது. ஒரு பிரேம் இரண்டு தடவை, அடுத்த பிரேம் மூன்று தடவை என்று மாறி மாறி வரும். கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசான உதறல் தெரிவது இதனால்தான். 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு பிரேமும் ஐந்து தடவை, 144 ஹெர்ட்ஸில் ஆறு தடவை. கணக்கு சரியாக முடிந்துவிடும்.

ஓஎல்இடி திரை என்றால் கறுப்பு நிஜமான கறுப்பாக இருக்கும். இரவுக் காட்சிகளுக்கு அதை அடிக்க வேறு திரை இல்லை. ஆனால் தினமும் எட்டு, பத்து மணி நேரம் ஒரே எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் உருவம் காலப்போக்கில் திரையில் தடம் பதிக்கும் அபாயம் ஓஎல்இடியில் உண்டு.

ஸ்பீக்கருக்காக அதிகம் செலவு செய்யத் தேவையில்லை. ஒரு நல்ல ஹெட்போன் எந்த லேப்டாப் ஸ்பீக்கரையும் தோற்கடித்துவிடும்.

வேலை: 'புது மாடல் சார்' என்றால் நிஜமாகவே புதுசா?

பிராசஸரின் பெயரில் எண் பெரிதாக இருந்தால் புதியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஏஎம்டியின் 7000 வரிசை இதற்கு நல்ல உதாரணம். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு, ரைசன் 5 7640ஹெச்எஸ் மூன்றும் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் முதலாவதின் உள்ளே இருப்பது 2019-ல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. இரண்டாவதில் ஜென் 3. மூன்றாவதில் ஜென் 4. இந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உண்மையைச் சொல்லும்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4.

கடைசி எழுத்தும் முக்கியம். 'யு' என்றால் பேட்டரி நீடிக்கும், வேகம் மிதம். 'ஹெச்' என்றால் வேகம் அதிகம், சூடும் அதிகம். 'ஹெச்எக்ஸ்' என்றால் ஏறக்குறைய டெஸ்க்டாப் பிராசஸர். பேட்டரியை மறந்துவிட வேண்டியதுதான்.

'ஏஐ பிசி' ஸ்டிக்கருக்கு எவ்வளவு மதிப்பு? மைக்ரோசாஃப்ட் 'கோபைலட் பிளஸ்' என்று அங்கீகரிக்க, வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் செய்யும் தனி என்பியு பிரிவு, 16 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ் வேண்டும். சாட்ஜிபிடி போன்றவை இன்டர்நெட்டில் எங்கோ இருக்கும் சர்வரில் ஓடுவதால் அவற்றுக்கு இது தேவையில்லை. கேமுக்கும் தேவையில்லை. இதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

வேலையும் சினிமாவும் மட்டும் போதும், கேம் வேண்டாம் என்பவர்களுக்கு மேக்புக் ஏர் நல்ல தேர்வு. ஃபேன் சத்தமே இருக்காது. 2024 அக்டோபரில் இருந்து அதன் ஆரம்ப மாடலிலேயே 16 ஜிபி ரேம் கிடைக்கிறது. ஆனால் வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டும் மேக்கில் கிடையாது. வீட்டில் கேம் ஆடுபவர் இருந்தால் முன்பே இதைப் பேசிவிடுவது சண்டையைத் தவிர்க்கும்.

மூன்றும் ஒரே லேப்டாப்பில் சாத்தியமா?

சாத்தியம்தான். ஆனால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். 15 அங்குல கேமிங் லேப்டாப் பொதுவாக இரண்டு கிலோவுக்கு மேல். அதன் சார்ஜரே அரை கிலோவைத் தொடும். தினமும் புறநகர் ரயிலிலும் பஸ்ஸிலும் நின்றுகொண்டே போகும் ஒருவருக்கு இது தோள்பட்டை பிரச்னை. கரண்ட் போனால் பேட்டரியில் கேம் ஓடும், ஆனால் வேகம் பாதியாகக் குறையலாம். ஏசி இல்லாத அறையில், மே மாத வெயிலில், மெத்தை மேல் வைத்து ஆடினால் எந்த விலை லேப்டாப்பும் சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எனவே வீட்டின் நிலவரத்தைப் பொறுத்து முடிவெடுக்கலாம்.

*கல்லூரி மாணவர், மிதமான கேம்:* 16 ஜிபி ரேம், காலி ஸ்லாட், 6 அல்லது 8 ஜிபி விராம், 100 சதவீத எஸ்ஆர்ஜிபி திரை. எஸ்எஸ்டி 512 ஜிபி இருந்தால் தொடங்கலாம். ஆனால் 'பால்டர்ஸ் கேட் 3' மட்டுமே 150 ஜிபி கேட்கும் காலம் இது. இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

*வீட்டிலிருந்து வேலை, ஆபீஸ் லேப்டாப் தனியாக உண்டு:* சொந்த லேப்டாப்பில் வேலைக்கான எடை, பேட்டரி கணக்கை விட்டுவிடலாம். மேஜையை விட்டு நகராது என்றால், அதே பணத்துக்கு டெஸ்க்டாப் இன்னும் நன்றாக ஓடும், கார்டையும் பிறகு மாற்றலாம். ஆபீஸ் லேப்டாப்பில் கேம் இன்ஸ்டால் செய்வது மட்டும் வேண்டாம், வேலைக்கே ஆபத்து.

*அரசு லேப்டாப் கிடைத்த வீடு:* தமிழக அரசு 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறது. படிப்பு, பிராஜெக்ட், படம் பார்ப்பது ஆகியவற்றுக்கு அது போதும். கேமுக்காக மட்டும்தான் இன்னொன்று என்றால், கடன் வாங்கியாவது இப்போதே வாங்க வேண்டுமா என்று ஒரு முறை யோசிக்கலாம்.

*பட்ஜெட் மிகக் குறைவு, கேம் வேண்டாம்:* கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த பிசினஸ் லேப்டாப்கள் ரீஃபர்பிஷ்டு கடைகளில் கிடைக்கும். இன்டெல் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால்தான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். பழைய கேமிங் லேப்டாப்பை இப்படி வாங்குவது ரிஸ்க். எத்தனை வருஷம் சூட்டில் வெந்தது என்று வெளியே தெரியாது.

பழைய லேப்டாப்பையே ஓட்ட முடியுமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்ட தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அதுவரை மூச்சு விட நேரம் இருக்கிறது. இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் லேப்டாப் என்றால் எஸ்எஸ்டி மாற்றினாலே புது மெஷின் போல ஓடும்.

ஆதரவு இல்லாத லேப்டாப்பில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றுபவர்களும் உண்டு. ஆனால் வாலரண்ட் போன்ற கேம், விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0 சிப்பும் செக்யூர் பூட்டும் இல்லாவிட்டால் ஓடாது.

ஆஃபர், இஎம்ஐ, துபாய் லேப்டாப்... எதில் கவனம்?

2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்தில் டிவி, ஏசிக்கு வரி குறைந்தது. லேப்டாப்புக்கு 18 சதவீதம் அப்படியே தொடர்கிறது. சொந்தத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள், அந்த எண்ணோடு பில் போட்டு வாங்கினால் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றாலும் செலவு பூஜ்ஜியம் அல்ல. கிரெடிட் கார்டில் வட்டியை டிஸ்கவுண்டாகத் தருவார்கள், ஆனால் அந்த வட்டி மீதான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் வாங்குபவர் தலையில்தான்.

துபாய், சிங்கப்பூரில் இருந்து வரும் உறவினர் வாங்கி வரலாமா? 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை வரி இல்லாமல் கொண்டுவரலாம். ஆனால் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று அந்த மாடலுக்குப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது. மதர்போர்டு போனால் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே கரைந்துவிடும்.

வாங்கிய அன்றே சரிபார்க்க வேண்டியவை

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுப்பது நல்லது. ஆன் செய்ததும் திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் இவற்றைப் பார்க்க வேண்டும்:

• டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் உள்ளது என்று தெரியும்.

• என்விடியா கண்ட்ரோல் பேனலின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் கார்டின் அதிகபட்ச வாட் இருக்கும். சொன்ன அளவுதானா என்று பார்க்கலாம்.

• டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட் 60-லேயே நிற்கிறதா என்று பார்த்து 120 அல்லது 144-க்கு மாற்ற வேண்டும். மாற்றாமலேயே வருஷக்கணக்கில் பயன்படுத்துபவர்கள் உண்டு.

• முழுக் கறுப்பு, முழு வெள்ளைப் படங்களைத் திரையில் வைத்து புள்ளி, வெளிச்சக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

• வாங்க நினைத்த கேமை ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் பத்து நிமிஷம் எல்லா லேப்டாப்பும் நன்றாகத்தான் ஓடும்.

• வாரண்டி பில் தேதியில் இருந்து தொடங்குகிறதா என்று கம்பெனி இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டுப் பார்க்க வேண்டும். முந்தைய தேதி காட்டினால் பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம்.

இதில் எது சரியில்லை என்றாலும் காலக்கெடு முடிவதற்குள் புகார் பதிவு செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மாற்றித் தர மாட்டார்கள், சர்வீஸ் சென்டருக்குத்தான் அலைய வேண்டியிருக்கும்.